எடையறைக் கணினியில் போகாமல் நின்ற பதில்

1.

இந்தக் கதையை நானாக யோசித்து எழுதவில்லை. எங்கள் கிடங்கில் என்னோடு மூட்டை தூக்கும் கிரேன் அக்கா இன்று மதியம் எழுதச் சொன்னது. "சும்மா உக்கார முடியலடா. காலையில நடந்ததை எழுது. என்னை மட்டும் அழ வைக்காதே" என்றாள். நானும் அவளும் தலை நரைத்த பிறகு ஒரே மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டியவர்கள். அந்த உரிமையில் சொல்கிறாள்.

முதல் தொடக்கம்: "வானம் இருண்டு கிடந்த அந்தக் காலையில்"

(அடித்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கதை என்றால் மேகம் வேண்டும் என்று என் தலையில் யார் ஏற்றினார்களோ.)

இரண்டாவது: "மின்னஞ்சல் என்பது மனித குலத்தின்"

(எனக்கே கொட்டாவி வந்தது.)

மூன்றாவது: கிரேன் அக்காவின் முதுகு போய்விட்டது.

இது நிற்கும்.

2.

கிரேன் அக்காவின் முதுகு போய்விட்டது. ஒரே மூச்சில் இரண்டு மூட்டை தூக்கியதால் வந்த பெயர் அது. முதுகு போனதும் அதனால்தான். இனியும் தூக்கினால் நிமிரவே முடியாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். நல்லவேளையாக, எடையறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை காலியாகிறது. இப்போது அங்கே இருக்கும் எழுத்தர், நாங்கள் தராசு அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். "விருப்பம் இருந்தால் இன்று நண்பகலுக்குள் பதில் எழுதவும்" என்று தலைமை அலுவலகம் கிடங்கு முகவரிக்கு அவள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது.

அக்கா எடையறைக் கணினி முன் உட்கார்ந்து, ஒற்றை விரலால் கோழி கொத்துவதுபோல் அடித்தாள்: "எனக்குச் சம்மதம். எடை பார்க்கத் தெரியும். இப்போது எழுதவும் தெரியும்." 'அனுப்பு' என்பதை அழுத்தினாள். கடிதம் திரையிலிருந்து மறைந்தது. பெருமூச்சு விட்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் தராசு அண்ணன். "உன் பதில் இன்னும் வாசலையே தாண்டல."

அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களுக்கான இடத்தில் '1' என்று ஓர் எண் குந்தியிருந்தது.

3.

கம்பியைப் பிடுங்கி மாட்டினார்கள். இணையத்தில் செய்தி ஓடியது, வானிலை தெரிந்தது, கடிதம் மட்டும் அசையவில்லை. மின்னஞ்சல் நிரல் ஆஃப்லைனில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. கடவுச்சொல்லைத் திரும்ப அடித்தார்கள். ஏற்றுக்கொண்டது. நிரலை மூடித் திறந்தார்கள். கணினியையே அணைத்து எழுப்பினார்கள். '1' அதே இடத்தில்.

"எதுக்குண்ணே அதைத் திட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் அக்கா.

"மனுஷங்ககிட்டயே திட்டாம வேலை வாங்க முடியல. இது எந்த மூலைக்கு!"

போன் பண்ணலாமே என்பீர்கள். பண்ணினோம். "கிடங்கு முகவரியிலேர்ந்து எழுத்துல வரணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அக்கா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றாள். இன்னொரு வருடம் மூட்டை என்றால் என்னவென்று அவளுடைய இடுப்புக்குத் தெரியும், அது

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம் என்கிறாள். சரி.)

4.

திரையின் அடியில் மஞ்சளாக ஒரு பட்டை இருந்தது. இந்த இடத்தில் கிரேன் அக்காவே குனிந்து, எழுத்துக் கூட்டி, அதைப் படித்தாள் என்று எழுத என் கை துறுதுறுத்தது. உங்களுக்கும் பிடித்திருக்கும். ஆனால் படித்தது தராசு அண்ணன்தான்.

"'அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது. இடம் ஏற்படுத்தும்வரை அனுப்ப முடியாது.' அடச்சே! நேத்து வரைக்கும் 'நிரம்பப் போகிறது'ன்னுதான் சொல்லிச்சு. நானும் 'சரி, சரி'ன்னு மூடிடுவேன்."

"வேண்டாததை அழிக்கலையாண்ணே?" என்றாள் அக்கா.

"தினம் அழிக்கிறேனே!"

அழித்திருந்தார். அழித்ததெல்லாம் 'நீக்கியவை' என்ற இடத்தில் மலைபோல் கிடந்தது. அதை ஒருநாளும் அவர் காலி செய்ததில்லை. காரணம், எங்கள் கிடங்கு வழக்கம். கெட்டுப்போன சரக்கைக் கழிவுக் கொட்டகையில் போட்டுப் பூட்டுவோம். எடையறை ஆள் இரண்டு பேர் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் வெளியே தள்ளலாம். மின்னஞ்சலுக்கும் அதே சட்டம் என்று இவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நம்பியிருக்கிறார்.

"இப்ப எடையறையில நான் ஒருத்தன்தானே. ரெண்டாவது ஆள் இல்லாம எப்படிம்மா தள்றது?"

"எல்லாம் மெத்தை விளம்பரம்ணே!"

"மெத்தையா இருந்தா என்ன? உள்ள வந்த சரக்கு சரக்குதான்."

"அப்போ நானே ரெண்டாவது ஆள். பார்த்துட்டேன். தள்ளுங்க."

"நீ எடையறை ஆள் இல்லையே."

இந்த முடிச்சை நான் கற்பனையில் போட்டிருந்தால் மிகை என்று நீங்கள் புத்தகத்தை மூடியிருப்பீர்கள். பதில் போனால்தான் அவள் எடையறை ஆள். எடையறை ஆள் பார்த்தால்தான் பதில் போகும். மனிதர் விளையாடவில்லை. ஒரு பிசகும் இல்லாமல் வேலையை முடித்து வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பயம் அவர் முகத்தில் அப்பிக் கிடந்தது.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தாள்.

"சம்மதம்னு எழுதியாச்சாண்ணே?"

"எழுதியாச்சு."

"அனுப்புன்னு அழுத்தியாச்சா?"

"அழுத்தியாச்சு."

"அப்போ என் பக்கம் நான் வேலைக்கு வந்துட்டேன். உங்க பெட்டிதான் இன்னும் என்னை மூட்டை தூக்க வைக்குது. ஒவ்வொண்ணா காட்டுங்க, பார்த்துச் சொல்றேன்."

அவர் காட்டினார். அவள் பார்த்தாள். மெத்தை, மெத்தை, முடி வளரும் எண்ணெய், மெத்தை. கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"போதும் தாயே. மொத்தமாத் தள்ளிடவா? 'நிரந்தரமாகப் போய்விடும்'னு மிரட்டுது."

"போகட்டும்ணே."

கணினி இரைந்தது. மஞ்சள் பட்டை மறைந்தது. பிறகு அந்த '1' போனது. நண்பகல் மணி அதற்கப்புறம்தான் அடித்தது.

அக்காவின் கண் கலங்கி

("நான் எங்கடா கலங்கினேன்? அடி அதை." அடித்துவிட்டேன்.)

5.

பதில் இன்னும் வரவில்லை.

ஒரு முடிவு: உடனே "வருக" என்று பதில் வந்தது. அழகான முடிவு. ஆனால் தலைமை அலுவலகம் எதற்கும் உடனே பதில் போட்டதாக எனக்கு நினைவில்லை.

இன்னொரு முடிவு: "வருந்துகிறோம், அந்த இடத்துக்கு வேறொரு"

(இதற்கு மேல் கை ஓடவில்லை. பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தவள், "இதை முடிச்சே, அப்புறம் நீ யாரோ நான் யாரோ" என்கிறாள்.)

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. அவள் நிமிஷத்துக்கு ஒருமுறை 'அனுப்பு/பெறு' பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

"அது தானாவே பார்க்கும்மா. நீ ஏன் குடையற?" என்கிறார் தராசு அண்ணன்.

"அது பார்க்கறதை அது பார்க்கட்டும். நானும் பார்க்கறேன்."

"சரி, அப்படியே அந்த லாரிக்கும் எடை எழுது. ரெண்டாவது ஆள்தானே நீ?"

எழுதுகிறாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, எண்ணுக்கு எண் நிறுத்தி.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். சரக்கை இறக்க வேண்டும், அவள் பங்கையும் சேர்த்து. நான் பேனாவை மூடுகிறேன். எழுதுவதற்காக அவள் பொத்தானை விட்டிருக்கிறாள். அது திரையின் இடது மேல் மூலையில் இருக்கிறது. அவள் நிமிர்வதற்குள் நீங்கள் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.