கணவாய்க்குக் கீழே

என்ன ஆனாலும் செருப்பைக் கழற்றக் கூடாது என்று சால்கா விடியும்போதே முடிவு செய்திருந்தாள். முதல் நாள் ஓடையைக் கடக்கையில் பாசிக் கல் வழுக்கி இடது கணுக்கால் மடங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. காலைக் கம்பளித் துணியால் சுற்றி, அதன்மேல் தோல் செருப்பின் வார்களை இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒரு முறை அவிழ்த்தால் கால் வீங்கிவிடும். மறுபடி செருப்புக்குள் போகாது. இப்போது கணவாய்க்குக் கீழே உட்கார்ந்ததும் மற்ற பெண்களெல்லாம் செருப்பைக் கழற்றிப் பாதங்களைப் புல்லில் ஆற விட்டிருந்தார்கள்.

தாத்ரா மலையைத் தாண்டி லிப்தோவ் பக்கம் ரை தானிய அறுப்புக்குப் போகும் கூட்டம் அது. ஆண்கள் நீள அரிவாளால் அறுத்துக்கொண்டே போக, பெண்கள் பின்னால் கட்டுக் கட்டுவார்கள். கூலி தானியமாக வரும், ஜோடிக்கு இவ்வளவு என்று. கட்டுபவள் பிந்தினால் அறுப்பவனுக்கும் குறையும். அதனால்தான் கங்காணி மாச்செய் ஒவ்வொரு வருஷமும் கணவாய்க்குக் கீழே எல்லோரையும் உட்காரவைத்து ஒரு பார்வை பார்ப்பார். இருமல்காரன், காய்ச்சல்காரி, நொண்டி எல்லோரையும் அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார். சால்காவின் வீட்டில் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போயிருந்தது. புருஷன் இல்லை. லிப்தோவ் ரை வராவிட்டால் மூன்று பிள்ளைகளோடு கிறிஸ்துமஸைத் தாண்ட முடியாது.

வார்சாவிலிருந்து வந்திருந்த ஓவியர் எதிர்ப் பாறையில் உட்கார்ந்து அவர்களை வரைந்துகொண்டிருந்தார். "எனக்காக யாரும் அழகா உக்கார வேணாம். இருக்கிற மாதிரியே இருங்க."

"இந்த பார்த்தெக் மூக்குக்குத் தனியா ஒரு தாள் வேணுமே துரை" என்றாள் ஒருத்தி.

"உன் வாய்க்கு எத்தனை வேணும்னு மொதல்ல கேளு" என்றான் பார்த்தெக். அவன்தான் சால்காவின் ஜோடி.

மாச்செய் புகைக்குழாயோடு ஓவியரின் பின்னால் போய் நின்றார். தாளில் ஒவ்வொரு முகமாக அடையாளம் கண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"இதென்ன துரை, இவளுக்கு ஒரு கால் மட்டும் பெருத்திருக்கு?"

"அப்படித்தானே இருக்கு" என்று ஓவியர் தாளைத் திருப்பிக் காட்டினார்.

சால்கா தன்னைப் பார்த்தாள். உடம்பு முழுவதும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது கால் தனக்குச் சொந்தமில்லாததுபோல் தள்ளிக் கிடந்தது. வாருக்கு மேல் சதை பிதுங்கியிருந்தது. காலையிலிருந்து மலையேறிய வழியெல்லாம் மறைத்ததை ஒரு கரித்துண்டு சொல்லிவிட்டது.

"செருப்பக் கழட்டு, சால்கா."

"மாட்டேண்ணே."

ஓவியருக்கு அப்போதுதான் விளங்கியது. அவசரமாகப் பையிலிருந்து வெள்ளை ரொட்டியை எடுத்துப் பிய்த்தார். "அந்தக் காலை அழிச்சிடறேன்மா." கரிக்கோட்டை ரொட்டியால் தேய்த்து அழிப்பார்கள் என்று அதுவரை அங்கே யாருக்கும் தெரியாது. எல்லோர் கண்ணும் அதன் மேலேயே இருந்தது.

"தாள்ல அழிச்சா என் கால்ல அழியுமா? விடுங்க துரை. அதைத் திங்கவாவது குடுங்க."

வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, பாறையைப் பிடித்து எழுந்து மூட்டையை முதுகில் ஏற்றினாள்.

"அண்ணே, நான் முன்னால போறேன். கணவாய் போய்ச் சேர்றதுக்குள்ள உங்கள்ல ஒருத்தர் என்னைத் தாண்டினாலும் நானே திரும்பிடறேன்."

மாச்செய் பார்த்தெக்கைப் பார்த்தார். "உன் கூலியும்தான்டா இது. என்ன சொல்ற?"

பார்த்தெக் தலையைச் சொறிந்தான். "தாண்டிப் பாத்தாத்தானே தெரியும்."

சால்கா காத்திருக்கவில்லை. முதல் பத்து அடியில் கண் இருட்டியது. பிறகு வலி ஒரே அளவில் நின்றுகொண்டது. அதோடு நடக்க முடிந்தது. பின்னால் அரிவாள் இரும்புகள் உரசும் சத்தம் நெருங்கியது. பார்த்தெக்கின் மூச்சு முதுகுக்குப் பக்கத்தில் கேட்டது. அவள் பல்லைக் கடித்து எட்டி நடை போட்டாள். பாதை அங்கே இரண்டு பேர் சேர்ந்து போகும் அகலம். அவள் ஓரத்தோடு நடந்தாள். மூச்சு பின்னாலேயே வந்தது, தாண்டவில்லை. பக்கத்தில் பாதையின் பாதி அகலம் வெறுமையாகக் கிடக்க, மேலே கணவாயில் மேகம் மெல்ல விலகிக்கொண்டிருந்தது.