பாதி அடைப்புக்குறி

ஆறு மாதமாக மதிவதனி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். டீம் லீடர் ஜெகதீஷ் இன்று கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் கொரட்டூர் ஹாஸ்டலைக் காலிசெய்துவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியின் ஸ்டோருக்கு அவள் மென்பொருள் எழுதியிருந்தாள். ஸ்டோர் மேலாளர் இருதயராஜ் எண்ணும் குறியும் கலந்து ரெஜெக்ஸ் என்கிற தேடல் குறிப்பை அடித்தால், அதற்குப் பொருந்தும் வார்ப்புகளையெல்லாம் தேடித் தரும். அடித்தது ஒழுங்கான ரெஜெக்ஸ்தானா என்று தேடுவதற்கு முன்பே பார்க்க நான்கு வரி நிரல் வைத்திருந்தாள். முந்தாநாள் ஜெகதீஷ் அதைத் தூக்கிக் கடாசினான்.

"அவனுங்க இன்னா ராக்கெட்டா உடப்போறானுங்க? நம்பர் அடிப்பானுங்க, அவ்ளோதான். சும்மா இழுத்துகினு கீற!"

அந்த மகானுக்கு ஸ்டோரின் பழக்கம் தெரியாது. பழுதென்று கழித்துக்கட்டிய வார்ப்பின் மேல் எண்ணுக்கு முன்னால் சாக்பீஸால் பாதி அடைப்புக்குறி போடுவார்கள். அதை மூடுவதே இல்லை. இன்று டெமோவில் இருதயராஜ் அதை அப்படியே அடித்தார்: (417

மென்பொருள் பொத்தென்று விழுந்தது. திறந்து மறுபடி அடித்தார். மறுபடி விழுந்தது.

"இன்னாய்யா இது? வெளிய லாரி நின்னுகினு கீது!" என்று கத்தினார்.

ஜெகதீஷ் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இந்தப் பொண்ணு எழுதுனது சார். செக் பண்ணு, செக் பண்ணுன்னு எத்தினி தபா சொன்னேன்!" பிறகு அவள் பக்கம் குனிந்தான். "வாய மூடிகினு இரு. சாயங்காலம் கையெழுத்து போட்டுடறேன்."

அவள் மடிக்கணினியை இருதயராஜ் பக்கம் திருப்பினாள்.

"செக் பண்ற நாலு வரிய யாரு எடுத்தாங்கன்னு இதுலயே பதிவாகியிருக்கு சார். நீங்களே படிங்க."

தேதி, நேரம், ஜெகதீஷின் பெயர். அவர் படித்து முடிப்பதற்குள் நான்கு வரியையும் திரும்பச் சேர்த்தாள். அவர் மறுபடி (417 என்று அடித்தார். இம்முறை விழவில்லை, 'அடைப்புக்குறி மூடப்படவில்லை' என்று திரையில் வந்தது.

"உன் வேலை காலிடி," என்று பல்லுக்கிடையில் சொன்னான் ஜெகதீஷ்.

அது இருதயராஜின் காதில் விழுந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். மேசைமேல் இருந்த ஜெகதீஷின் கறுப்புப் பையில் பெரிதாக ஒரு பாதி அடைப்புக்குறி போட்டார்.

"உங்க முதலாளிக்கு நானே போன் போடறேன்," என்றார். "நீ இத எடுத்துகினு கெளம்பு. இந்தப் பொண்ணு இருக்கட்டும்."