தடியன் தோற்ற வெள்ளிக்கிழமை

மனிதர்களை அடிக்க இயந்திரத்துக்குப் பழக்கிக் கொடுப்பது என் வேலை. கேட்க வீரமாக இருக்கும். ஹோட்டலில் கேட்காத சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாலும் தின்றுவிட்டு வருகிற ஆள் நான்.

எங்கள் கம்பெனி ஒரு சண்டை வீடியோ கேம் தயாரிக்கிறது. மேடையில் இரண்டு பேர் நின்று அடித்துக்கொள்வார்கள். தலைக்கு மேலே ஆளுக்கொரு பச்சைக் கோடு. அதுதான் உயிர். அடி விழ விழச் சுருங்கும், தீர்ந்தால் தோல்வி. ஆட வருகிறவருக்கு எதிராளி கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் எங்கள் ஏஐ வந்து நிற்க வேண்டும். அதைச் செய்வது நான். மனிதர்களோடு ஆடி ஆடி அது தானாகக் கற்றுக்கொள்ளும். ஜெயித்தால் மதிப்பெண் கொடுப்பேன், தோற்றால் பிடுங்கிக்கொள்வேன். என் அப்பா என்னை வளர்த்த அதே முறை. அதன் விளைவு என்னவாகும் என்று கண்ணாடியைப் பார்த்தாவது யோசித்திருக்கலாம்.

ஆட வைக்க ஆபீஸிலேயே டெஸ்டர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்க விளையாடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆனால் என் மனைவி இறந்த பிறகு அந்த அறைக்குள் நுழைந்தாலே எல்லோரும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "எப்படி இருக்கீங்க?" என்றார்கள். "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று டீம் லீடிடம் கேட்டேன். அந்தம்மாவும் தலையைச் சாய்த்தபடியே சரி என்றார்.

வீட்டில் என்னைத் தவிர இருந்த ஒரே மனிதர் என் மாமியார்.

அத்தை, நோயில் கிடந்த தன் மகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அத்தை அவர் ஊருக்குத் திரும்பவில்லை. இதைப் பற்றி நாங்கள் பேசியது கிடையாது. காலையில் "பால் இருக்கா?" மாலையில் "கதவு பூட்டியாச்சா?" இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு நாள் ஏஐக்கு எதிராக ஆட ஆள் இல்லாமல், "அத்தை, இதைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?" என்று கண்ட்ரோலரைக் கொடுத்தேன். அத்தை பல வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். கண்ட்ரோலரை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து, உடம்போடு சேர்த்துத் திருப்பினார். திரையில் அவருடைய ஆளாகக் கம்பு வைத்திருக்கும் ஒரு பெண்ணைக் கொடுத்தேன். எதிரே என் ஏஐ, பெரிய தோள்களோடு.

"யாரு மாப்பிள்ளை இந்தத் தடியன்?"

"நான் செஞ்சது அத்தை."

"உங்களைப் பாத்தா இப்படி ஒருத்தனைச் செய்வீங்கன்னு சொல்லவே முடியாது" என்றார். அடுத்த நிமிடம் கத்தினார். "டேய்! இண்டிகேட்டர் போடாம திரும்புறான் பாருங்க மாப்பிள்ளை! இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் குடுத்தது?"

அன்று முதல் அதன் பெயர் தடியன்.

என் மனைவியின் அண்ணன் வாரம் தவறாமல் அத்தைக்குப் போன் செய்வார். அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். ஆகவே எனக்கும் கேட்கும்.

"எப்பம்மா வர?"

"வரேன்டா. இந்தத் தடியனை ஒரே ஒரு தடவை கீழே தள்ளிட்டு வரேன். பாதியில விட்டுட்டு வர மனசில்ல."

"யாரும்மா தடியன்? மாப்பிள்ளையையா சொல்ற?"

"சே, அவரை யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? ஊதினா பறந்துடுவார்."

நான் அடுக்களையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அதாவது, தடியன் தோற்றால் அத்தை போய்விடுவார். வாயுள்ள ஒரு மனிதன் என்ன செய்திருப்பான்? ஹாலுக்குப் போய், "போகாதீங்க அத்தை" என்று சொல்லியிருப்பான். நான் அறைக்குப் போய், லேப்டாப்பைத் திறந்து, தடியனின் வேகத்தைக் கூட்டினேன்.

அத்தை தோற்றார். மறுநாளும் தோற்றார். கட்டைவிரலில் தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடியும் ஆடினார். தைலத்தின் வாசனை ஹாலைத் தாண்டி என் மேஜை வரை வந்தது. எனக்கும் மனசாட்சி என்று ஒன்று, கொஞ்சம் தாமதமாக வேலை செய்தாலும், இருக்கிறது. வேகத்தைக் குறைத்தேன். அத்தை அப்போதும் தோற்றார். இன்னும் குறைத்தேன். கடைசியில், பச்சைக் குழந்தைகூட அடித்துவிடும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தேன். தடியன் அப்போதும் ஜெயித்தான்.

ஒவ்வொரு ஆட்டமும் ஒரே மாதிரி முடிந்தது. தடியனின் பச்சைக் கோடு நூலளவுக்கு இளைத்ததும் அத்தைக்குப் பதற்றம் வந்துவிடும். கம்புக்காரி நின்ற இடத்திலேயே குதிப்பாள். தடியன் அசையாமல் நின்று, அவள் கீழே வரும்போது ஒரு அடி. முடிந்தது.

"சே! கை நடுங்கிடுச்சு மாப்பிள்ளை."

வேகமே இல்லாமல் ஜெயிக்கிறான் என்றால் தடியன் மூளையால் ஜெயிக்கிறான். நான் ஒரு மேதை என்ற முடிவுக்கு வந்தேன். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? துக்கத்தில்தான் பெரிய கண்டுபிடிப்புகள் பிறக்கின்றன என்றுகூட நினைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்த வாரம் மச்சான் போனில் முடிவாகச் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை கார் எடுத்துட்டு வரேன். ஜெயிச்சிருந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி." அத்தை "சரிடா" என்றார். பெட்டி ஒன்று ஹாலுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை நான் தடியனை ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். பெரிய திரையில் போட்டார்கள். டீம் லீட் முன்வரிசையில் உட்கார்ந்தார். டெஸ்டர்களில் தாடி வைத்த ஒருவன் கண்ட்ரோலரை எடுத்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு, பாராட்டை எப்படி அடக்கமாக வாங்குவது என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

முதலில் தடியன் நன்றாகவே அடித்தான். பிறகு அவன் கோடு இளைத்தது. நூலளவு ஆனது. தடியன் சண்டையை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றான்.

தாடிக்காரன் ஒரு கணம் குழம்பிப்போய் என்னைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் போய் அடித்தான். தடியன் விழுந்தான்.

அடுத்த ஆட்டமும் அப்படியே. அடுத்த ஆளும் அப்படியே. யார் ஆடினாலும், உயிர் போகும் நேரத்தில் தடியன் கையைத் தொங்கவிட்டு எதற்கோ காத்துக்கொண்டு நின்றான்.

"டேய், பஸ்ஸுக்கு நிக்கிறான்டா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இல்லடா, ஹெச்.ஆர். கூப்பிடுவாங்கன்னு நிக்கிறான்."

அறையே சிரித்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக என் முன்னால் யாரும் தலையைச் சாய்க்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

டீம் லீட் மட்டும் சிரிக்கவில்லை. "இது யார்கூட ஆடிக் கத்துக்கிச்சு?"

"என் மாமியார்கூட, மேடம்."

"வேற யாரு?"

"மாமியார் மட்டும்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை. ஒரே ஒரு ஆளை வைத்துப் பழக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம். புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

வீட்டில் ஆடிய ஆட்டங்களின் பதிவைப் போடச் சொன்னார். கம்புக்காரி திரையில் வந்தாள். கொஞ்ச நேரத்தில் தாடிக்காரன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"யாருங்க இவங்க? அடி ஒவ்வொண்ணும் எப்படி விழுது பாருங்க" என்றான்.

பிறகு கோடு இளைத்தது. கம்புக்காரி குதித்தாள். செத்தாள். டீம் லீட் அதை நிறுத்தி, அடுத்த ஆட்டத்தைப் போட்டார். அதற்கடுத்ததையும்.

"இவங்க ஜெயிக்கப் போறப்ப மட்டும்தான் குதிக்கிறாங்க, கவனிச்சீங்களா?"

"பதற்றம் மேடம். வயசாயிடுச்சு."

"பதறினா எல்லா இடத்திலயும் பதறணுமே. இவங்க வேணும்னே தோக்குறாங்கப்பா. உங்க தடியன் கத்துக்கிட்டதெல்லாம், சாகப் போற நேரத்துல சும்மா நின்னா எதிராளியே உயிரைக் குடுத்துடுவான்னு." பதிவை மூடினார். "திங்கட்கிழமையிலேருந்து இங்க வந்து உக்காருங்க. மனுஷங்ககூட."

வீடு திரும்பியபோது அத்தை ஆடிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று பார்த்தேன். கோடு நூலளவு ஆனது. அத்தையின் தோள் ஒரு கணம் தளர்ந்தது. கட்டைவிரல் நிதானமாக நகர்ந்து, குதிக்கும் பொத்தானை அழுத்தியது. நடுக்கம் எதுவும் இல்லை.

"சே, போச்சு" என்றார்.

"போச்சு அத்தை" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கதவைப் பூட்டினேன். அத்தை கேட்கும் முன்பே, "பூட்டியாச்சு" என்றேன். அதையே ஒரு பெரிய உரையாடலாக நினைத்துக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை மதியம் மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "கிளம்பலாமாம்மா?" என்றார். என்னிடம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க மாப்ளே. சொந்தக்காரங்க வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. பொண்ணே இல்ல, மருமகன் வீட்டுல உங்கம்மாவுக்கு என்ன வேலைன்னு கேக்குறாங்க" என்றார்.

நான் தலையாட்டினேன். எனக்கு நன்றாக வரும் ஒரே காரியம்.

"ஒரு ஆட்டம்டா. இதோ வந்துட்டேன்" என்று அத்தை கண்ட்ரோலரை எடுத்தார்.

மச்சான் பெட்டியின் மேல் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கம்பு சுழன்றது. கோடு இளைத்தது. நூலளவு ஆனது. கட்டைவிரல் நகர்ந்தது.

"குதிக்காதீங்க அத்தை" என்றேன்.

விரல் நின்றது. திரையில் தடியனும் நின்றுகொண்டிருந்தான். கம்புக்காரியும் நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஜெயிக்கப் போறப்ப மட்டும் குதிக்கிறீங்க. நேத்து ஆபீஸ்ல பாத்தாங்க."

"ஆபீஸ்லயா? என் ஆட்டத்தையா?" அத்தை முழுதாகத் திரும்பினார். "எத்தனை பேரு?"

"ஒரு ரூம் முழுக்க."

"ஐயையோ! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்றதில்லையா மாப்பிள்ளை? என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க!"

"என்னைவிட நல்லா ஆடுறீங்கன்னு சொன்னாங்க."

"அது தெரிஞ்சதுதானே" என்றார், சாதாரணமாக.

மச்சான் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். "அப்போ இத்தனை நாளும் வேணும்னே தோத்தியா? என் வீட்டுக்கு வர அவ்வளவு கசக்குதாம்மா?"

"உன் வீடு எனக்கு ஏன்டா கசக்கப்போகுது? நீ கூப்பிடுற, உரிமையா கூப்பிடுற. ஆனா அவ இருந்த ரூம் இங்கதானே இருக்கு." கண்ட்ரோலரை மடியில் வைத்தார். "இவரு போங்கன்னும் சொல்லல, இருங்கன்னும் சொல்லல. பொண்ணு போன வீட்டுல நானா எப்படி இருந்துக்குவேன்? பால் இருக்கா பால் இருக்கான்னு எத்தனை நாளைக்குக் கேட்டுக்கிட்டு இருக்கிறது? அதான் பழியை இந்தத் தடியன் தலையில போட்டேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க ஜெயிச்சுடக் கூடாதுன்னு நானும் இதைக் கஷ்டமா வச்சேன் அத்தை."

"அது தெரியாமலா? ஒரு நாள் திடீர்னு பேய் பிடிச்ச மாதிரி அடிச்சான். மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு. அப்புறம் நாளுக்கு நாள் லேசாயிட்டே வந்தான்." அத்தை திரையைப் பார்த்தார். "அப்பதான் பயந்தேன். வாயால சொல்லாம, கிளம்புங்கன்னு இப்படிச் சொல்றாரோன்னு."

தைல வாசனைக்கு இரங்கி நான் குறைத்த ஒவ்வொரு புள்ளியும் ஞாபகத்துக்கு வந்தது. என் வாழ்க்கையில் நான் காட்டிய ஒரே கருணை அது.

"அப்படி இல்ல அத்தை. தடியனுக்கு... இன்னும் பயிற்சி பாக்கி இருக்கு. நல்லா ஆடுற ஒருத்தர் கூடவே இருந்தா..."

"மாப்ளே," என்றார் மச்சான், "வேலைக்கு ஆள் எடுக்குறீங்களா?"

காது சூடானது. கனைத்தேன். மறுபடியும் கனைத்தேன்.

"இருங்க அத்தை" என்றேன். சத்தம் சரியாக வரவில்லை. அத்தையின் காது நினைவுக்கு வந்து, இரண்டாவது முறை கத்தியே விட்டேன். "இங்கயே இருங்க!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அத்தை கொஞ்ச நேரம் மடியில் இருந்த கண்ட்ரோலரைத் துடைத்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை. பிறகு மகனைப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்புடா. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும்."

"காலையிலேருந்து வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன்மா."

"அதான் சாப்பிடச் சொல்றேன். மாப்பிள்ளை, அவனுக்குத் தட்டு வைங்க. நீங்களும் உக்காருங்க."

வைத்தேன். நானும் மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் என்னோடு பேசவில்லை. கோபமாக இருந்தார், அதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஹாலிலிருந்து தடியன் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டது. பிறகு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மச்சான் குழம்பை ஊற்றிக்கொண்டே காதைத் தீட்டினார்.

"எவ்வளவு நாள் உழைச்சீங்க மாப்ளே இதுக்கு?"

"ஒரு வருஷம்."

அவர் என் தட்டிலும் கொஞ்சம் ஊற்றினார்.