எண் எங்கிருந்து வந்தது

தம்பியின் ஆய்வுக்கட்டுரை இணையத்தில் வெளியான அன்று, அக்கா வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காபி இயந்திரத்தருகே நின்றிருந்த இருவர் அவளைக் கண்டதும் பேச்சை வானிலைக்குத் திருப்பினார்கள். வழக்கமாக அவளோடு சேர்ந்து சாப்பிடும் தோழிகூட அன்று பசிக்கவில்லை என்றாள். மதியம் குழுத் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது எழுதினது உங்க தம்பிதானே?" கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"ஆமா சார்."

"நம்ம வரைபடத்துல மேடு எங்க நிக்குதோ, கரெக்டா அங்கயே வந்து கொடி நட்டிருக்கார். எப்படி?"

அவள் திரையில் இருந்த எண்ணை மறுபடி படித்தாள்.

அவள் பரிசோதனைக்காரி. துகள்களை வேகமாக மோதவிட்டு, சிதறுகிறவற்றின் ஆற்றலை அளக்கும் பெரிய கருவியில் வேலை. தம்பி கோட்பாட்டுக்காரன். அவனுக்குக் கருவி வெள்ளைப்பலகையும் பேனாவும்தான். இருவருக்கும் ஒரே ஊரில் வேலை என்பதால் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவள் சமைத்தால் அவன் பாத்திரம் கழுவ வேண்டும் என்று ஒப்பந்தம். அவனுக்கு முக்கியமான கணக்குகள் எல்லாம் சாப்பிட்டு முடித்த அந்த நேரத்தில்தான் தோன்றும்.

டபிள்யூ, இசட் என்று இரண்டு துகள்கள் உண்டு. சில அணுக்கருக்கள் தாமாகச் சிதைவதற்குக் காரணமான வலுக்குறைந்த விசையைச் சுமப்பவை அவை. அவற்றைப் பிரிக்க முடியாது, உள்ளே வேறொன்றும் இல்லை என்பதுதான் பெரும்பாலோர் எண்ணம். தம்பி அதை ஏற்கவில்லை. அவையும் இன்னும் சிறிய துணுக்குகள் ஒட்டிக்கொண்டு உண்டானவைதான் என்று மாணவனாக இருந்த காலம் தொட்டு வாதாடி வந்தான். அப்படி உண்டானவை என்றால், அதே துணுக்குகள் வேறு விதமாக ஒட்டிக்கொண்ட கனமான உடன்பிறப்பு ஒன்றும் எங்காவது இருந்தாக வேண்டும். எவ்வளவு கனம்? அதை மட்டும் அவன் கோட்பாட்டால் சொல்ல முடிந்ததில்லை.

இப்போது சொல்லியிருந்தான். தசமப் புள்ளிக்குப் பின்னால்கூட ஓர் இலக்கம் போட்டு.

அந்த எண்ணில்தான் அவளுடைய குழுவின் வரைபடத்தில் சில வாரங்களாக ஒரு மேடு எழும்பி நின்றது. கனமான புதுத் துகள் ஒன்று இருந்தால் எப்படித் தெரியுமோ அப்படி. குழுவே சரிபார்த்து வெளியிடும்வரை வெளியாள் எவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அவள் திறக்கவில்லை.

"நான் அவன்கிட்ட எதுவும் சொல்லல சார்."

"சொன்னீங்கன்னு நான் சொல்லல. மேலிடத்துல கேப்பாங்க. மேடு நிஜமா இருந்தா உங்க தம்பி பெரிய ஆளு, பிரச்சினையே இல்ல. கணக்குலயே கண்டுபிடிச்சிட்டார்னு அர்த்தம்." தலைவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நிஜமா இருக்கணும்."

வீட்டுக்குப் போனபோது தம்பி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வேறொரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலைக்கு அவனை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அந்த நம்பர் எப்படிடா வந்துச்சு?"

"கணக்குப் போட்டேன், வந்துச்சு."

"இத்தனை வருஷமா வராதது?"

"அக்கா, துணுக்குங்களோட பிணைப்பு பலத்தைப் புதுசா ஒரு வழியில மதிப்பிட்டேன். எட்டாவது பக்கத்துல இருக்கு, படிச்சுப் பாரு." சட்டைக் காலரைத் திரும்பத் திரும்பத் தேய்த்தான்.

அவள் படித்துப் பார்த்தாள். எட்டாவது பக்கம் தொளதொளவென்றுதான் இருந்தது. ஆனாலும் நம்பினாள். கூடப் பிறந்தவனை நம்பாமல் என்ன செய்வது? மேடு நிஜம் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிவிட்டால் போதும், அவனையும் தன்னையும் ஒருவரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது. அந்த வீம்பில்தான் மோதல்களை ஒவ்வொன்றாகத் தோண்ட ஆரம்பித்தாள்.

இரண்டாம் நாள் முற்பகல், மேட்டில் விழுந்த மோதல்கள் கருவியின் எந்தெந்தப் பகுதியில் பதிவாயின என்று பிரித்துப் போட்டாள். எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். அவையோ ஒரே மூலையில் ஈ மொய்த்தது போல் மொய்த்திருந்தன. கருவியைப் பராமரிக்கும் பொறியாளரிடம் போய்க் கேட்டாள். அந்த மூலையில் மின்வழங்கிப் பலகை ஒன்றை மாற்றினோம் என்றார் அவர். மின்னழுத்தம் சற்றுக் கூடியிருந்தது. அதற்கேற்ற திருத்தத்தைக் கணினியில் யாரும் ஏற்றவில்லை. அங்கே விழுந்த ஒவ்வொன்றையும் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியிருந்தது, கோளாறான தராசு போல.

திருத்தத்தைப் போட்டு மறுபடி வரைந்தாள். மேடு இல்லை.

அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். இயற்கையில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. தங்கள் கருவியின் பிழையில் மட்டும்தான் அது இருந்தது. பிறகு தம்பியின் காகிதத்துக்கு அது எப்படிப் போயிருக்கும்?

மதியமே வீட்டுக்குப் போனாள். அவன் வெள்ளைப்பலகை முன் நின்று நேர்காணல் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடு போயிடுச்சு. கருவிக் கோளாறு," என்றாள்.

அவன் பேனாவை மூடிப் பலகையடியில் வைத்தான். "நீ குளிக்கப் போயிருந்தப்ப லேப்டாப் திறந்து கெடந்துச்சு. ஒரே ஒரு தடவைதான் பாத்தேன்," என்றான்.

"பாத்துட்டு?"

"பிணைப்பு பலத்துக்கு எந்த மதிப்பு வேணா வைக்கலாம் அக்கா. மேடு வர்ற மாதிரி ஒண்ண வெச்சேன். துகள் அங்கதான் இருக்குன்னு நெஜமாவே நெனச்சேன். நான் சொல்லிட்டு வந்த துகள். யாரோ கண்டுபிடிச்சு, யாரோ பேரு வெச்சிருவாங்களேன்னு..."

"என்கிட்ட கணக்குன்னு சொன்னே."

அவன் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான். "நேர்காணல் முடியற வரைக்கும் இதை வெளிய சொல்லாம இருக்கியா? சில நாள்தான்."

"கருவி பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு நான் வாயை மூடிக்கிட்டு இருக்கவா?"

"அப்ப என்னை மாட்டிவிடப் போறே."

"கருவியைப் பத்தி மட்டும்தான்டா சொல்லப் போறேன்," என்றாள். அது போதாது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

மறுநாள் கூட்டத்தில் இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்துக் காட்டினாள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். பொறியாளர் பலகை மாற்றியதை ஒப்புக்கொண்டார். அடுத்து செய்ய வேண்டியதைப் பேசி முடித்து எல்லோரும் எழுந்தபோது, தலைவர் அவளை மட்டும் உட்காரச் சொன்னார்.

"நல்லா பிடிச்சீங்க. சரி, இல்லாத மேட்டோட நம்பர் உங்க தம்பிக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

தற்செயல் என்று சொல்லலாம். நம்பமாட்டார், ஆனால் மறுக்கவும் அவரிடம் ஆதாரம் இல்லை. சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல் வரவில்லை.

"என் திரையிலேர்ந்து," என்றாள். "திறந்து போட்டுட்டுப் போனது நான். பாத்தது அவன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நான் மேல எழுதித்தான் ஆகணும்மா," என்று மட்டும் சொன்னார்.

அவளை அந்த ஆய்விலிருந்து விலக்கிக் கருவிப் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கூட்டம் நடந்த அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது தம்பி கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றிருந்தான். காரணத்தையும் மறைக்காமல் எழுதியிருந்தான். "சொல்லிட்டியா?" என்று கேட்டான். "சொல்லிட்டேன்," என்றாள். நேர்காணலை அந்தப் பல்கலைக்கழகம் ரத்து செய்தது. அந்த மாதக் கடைசியில் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டான்.

அம்மாவுக்கு விளக்கிச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. "கண்ணுக்கே தெரியாததுக்கா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்று தொலைபேசியில் கேட்டாள். "இருக்குதா இல்லையான்னே தெரியலன்னா அப்புறம் எதுக்கு அடிச்சுக்கறீங்க?"

அடுத்த வருடம் ஒரு விடுமுறை நாளில் தம்பி வந்து கதவைத் தட்டினான். இளைத்திருந்தான். கையில் புதுக் கட்டுரையின் அச்சுப் பிரதி.

"அனுப்பறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை படிக்கணும்."

"நம்பர் இருக்கா?"

"இல்ல. துகளோட கனம் ஒரு அளவுக்குக் கீழ இருக்க முடியாது, மேல எங்க வேணா இருக்கலாம், எங்கன்னு தெரியாதுன்னு எழுதியிருக்கேன்."

அவள் அவனை உள்ளே விட்டுவிட்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்து படித்தாள். அவன் எதிரே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது பக்கத்தில் ஒரு சமன்பாட்டில் கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் இருந்தது. விரலை வைத்துக் காட்டினாள்.

அவன் குனிந்து பார்த்தான். காதுமடல் சிவந்தது. "போச்சு," என்றான். "இதுக்குப் பின்னாடி எல்லாமே மாறும்."

"வெள்ளைப் பேப்பர் அந்த மேசைமேல இருக்கு," என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான்.