கண்ணாடிக்குக் கீழே

உலு திராம் ஊரில் அந்தப் பள்ளிக்கூடம் எழும்புவதற்கு முன்னால், பிள்ளைகள் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் படித்தார்கள். படித்தார்கள் என்று சொல்வதே பாவம். கீழே சக்கரத்தைக் கழற்றும் காற்றுத் துப்பாக்கி அலறும்போதெல்லாம் மேலே பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள், மீதிப் பேர் அழுவார்கள். ரப்பர் நாற்றம் வேறு. வசதியான வீட்டுப் பிள்ளைகளை அங்கே ஒரு மணி நேரம் உட்கார வைத்திருந்தால் ஊரே கொதித்திருக்கும். இவர்கள் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள் ஆயிற்றே, இடம் கிடைத்ததே பெரிது என்று விட்டுவிட்டார்கள்.

கட்டடக்கலைஞர் பேட்ரிசியாவுக்குப் பக்கத்து ஊரான தெப்ராவில் சின்ன அலுவலகம். அதுவரை அவள் கட்டியதெல்லாம் வரிசை வீடுகளும் ஒரு தேவாலய மண்டபமும்தான். இந்த வேலை வந்ததும் கோடு ஒன்றுகூடப் போடாமல் அந்த மாடிக்குப் போய், மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். அங்கேதான் ஷர்மினியைப் பார்த்தாள். ஒன்பது வயதுப் பெண். ஆட்டிசம், பேச்சு வராது. சத்தம் தாங்காமல் போனால் மேசைக்கு அடியில் புகுந்து முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். பாவம் என்று யாராவது குனிந்து எட்டிப் பார்த்தால் போதும், தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். யாரும் பார்க்காமல் விட்டால், கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து வந்து கலர் பென்சிலை எடுத்துக்கொள்வாள்.

அவளைப் பார்த்த பிறகுதான் அந்த அமைதி அறை பேட்ரிசியாவின் மனதில் வந்தது. நடைவழிப் பக்கம் முழுச் சுவர். வெளிச்சம் கூரையிலிருந்து மட்டும். தரையில் தடித்த கம்பளம், சுவரில் பஞ்சு வைத்த மெத்தை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, யார் வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம், ஆனால் வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. மற்ற வகுப்பறைகளை எல்லாம் அந்த அறைக்கு ஓடிவர வசதியாகத்தான் சுற்றி வைத்தாள். வீட்டுக்குப் பூசை அறை மாதிரி அந்தக் கட்டடத்துக்கு அது.

பணம் கொடுப்பது ஓர் அறவாரியம். தலைவர் டத்தோ சபாபதி, டத்தோ என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் அவருக்கு நிஜமாகவே கண் கலங்கும். கலங்கிய கண்ணை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய குறை.

வரைபடத்தைப் பார்த்த கூட்டத்திலேயே, கறிபாப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு, அந்த அறையில் விரலை வைத்தார்.

"இந்தச் சுவருக்குப் பதிலா கண்ணாடி போட்டுருங்கம்மா. பெருசா."

"டத்தோ, யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் அந்த ரூமே."

"யாரும்னா, கண்டவங்களா பாக்கப் போறாங்க? டோனர்ஸ் லா. நேருல பாத்தாத்தான் அவங்களுக்கு மனசு இளகும். நான் பாத்துதானே எனக்கு இளகுச்சு?"

"அந்தப் பிள்ளைங்களுக்குப் பார்வைதான் டத்தோ வலி. நீங்க கண்ணாடி போட்டா அது அமைதி அறை இல்ல."

அவர் சிரித்தார். சரி, உங்க இஷ்டம் என்று கையைத் துடைத்துக்கொண்டார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று வாங்குகிறவனுக்குத்தான் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கொடுத்தவன் வந்து வாங்கியவனின் வாயைப் பிளந்து பார்ப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

கட்டடம் எழுந்தது. திறப்பு விழாவுக்கு முன்தினம் பேட்ரிசியா கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தாள். குடிபுகுச் சான்றிதழில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் பள்ளியைத் திறந்து நடத்த முடியும். கையெழுத்துக்கு முன்னாலேயே விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, சான்றிதழை மேடையிலேயே கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. தாலி கட்டும் முன்பே சீமந்தத்துக்குப் பத்திரிகை அடித்த கதைதான்.

நடைவழியில் திரும்பியவள் அப்படியே நின்றாள். அமைதி அறையின் சுவர் இல்லை. இடுப்பளவுக்கு மேலே இருந்த செங்கல்லை எல்லாம் இடித்து எடுத்துவிட்டு, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை கண்ணாடி பதித்திருந்தார்கள். அதன் ஓரத்தில் அறவாரியத்தின் சின்னம் தங்க நிறத்தில் ஒட்டியிருந்தது. மிருகக்காட்சிசாலையில் பாம்புக்கு வைப்பார்களே, அதே மாதிரி.

"யாரு இடிக்கச் சொன்னது?" என்று கட்டடக் குத்தகைக்காரரிடம் கத்தினாள்.

"டத்தோ சொன்னாரு மிஸ். நேத்து ஒரே நாள்ல முடிச்சோம்," என்றார் அவர், பாராட்டு எதிர்பார்க்கிறவர் போல.

தலைமையாசிரியை செல்வராணி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து வருஷமாக அந்த டயர் கடை மாடியில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவள். யாரிடமும் முகத்தைச் சுளித்துப் பழக்கமில்லை, சுளித்தால் தானமாக வரும் அரிசி மூட்டை நின்றுவிடும் என்று அனுபவத்தில் தெரிந்தவள்.

"மிஸ், கோபப்படாதீங்க. மாசக் கடைசியில மாடிய காலி பண்ணணும். கடைக்காரரு வேற ஆளுக்கு விட்டுட்டாரு. நீங்க கையெழுத்துப் போடலன்னா எங்க பிள்ளைங்க ரோட்டுலதான் நிக்கணும்."

"அப்ப ஷர்மினி எங்க போவா, டீச்சர்?"

"டத்தோகிட்ட பேசிட்டேன். கர்ட்டன் போட்டுத் தரேன்னாரு. எப்பவும் மூடியே வெச்சுக்கலாம் மிஸ். ப்ளீஸ்."

பேட்ரிசியா காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு, செல்வராணியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் திரை தொங்கியது உண்மைதான். சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் தங்கக் குஞ்சம். கல்யாண மண்டபத்துக்குத் தைத்தது போல இருந்தாலும் மூடியிருந்தது. அது போதும் என்று பேட்ரிசியா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

முன் வரிசையில் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள், எல்லோருக்கும் அறவாரியத்தின் பெயர் போட்ட மஞ்சள் பனியன். பெற்றோர்களுக்குக் கடைசி வரிசை. டத்தோவைவிடப் பெரிய பட்டக்காரரான டான்ஸ்ரீதான் சிறப்பு விருந்தினர். வாசலில் அவர் கார் வந்து நின்றதும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பள்ளியின் திறப்பு விழாவில், உறுமி மேளத்தை முழக்கினார்கள். பெரிய மனிதர் வந்தால் மேளம் கொட்டாமல் எப்படி வரவேற்பது? அவருக்கு மரியாதை குறைந்துவிடாதா? பிள்ளைகளுக்காகத்தான் விழா என்பது அங்கே ஒருத்தருக்கும் நினைவில் இல்லை. ஒரு பையன் தரையில் விழுந்து அலறினான். அவனைப் பிடித்து அமுக்கிக்கொண்டே ஓர் ஆசிரியை கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

ஷர்மினியின் நாற்காலி காலியாக இருந்தது. அவள் எங்கே போயிருப்பாள் என்று பேட்ரிசியாவுக்குத் தெரியும், அமைதி அறைக்கு அந்த வழியை வரைந்தவளே இவள்தான். பரவாயில்லை, திரை இருக்கிறது, உள்ளே நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

மாலை, சால்வை, பேச்சு, மறுபடியும் சால்வை. அப்புறம் டத்தோ சபாபதி மைக்கைப் பிடித்தார்.

"இப்ப எல்லாரும் எங்கூட வாங்க. இந்தப் பள்ளியோட இதயத்த டான்ஸ்ரீ திரை நீக்கித் திறந்து வைப்பாரு."

பேட்ரிசியாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது கூட்டம் நடைவழியை அடைத்துவிட்டது. அந்தத் திரை மறைப்பதற்காகப் போட்டது இல்லை. கல்வெட்டுக்குப் போடுவார்களே, அதே வழக்கத்தில், இழுத்துத் திறப்பதற்காகப் போட்டது. கர்ட்டன் கேட்டார்கள், விழாவுக்கும் ஆயிற்று என்று டத்தோ ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்திருந்தார். முண்டியடித்து அவள் கண்ணாடிக்கு அருகில் போவதற்குள் டான்ஸ்ரீ பட்டுக் கயிற்றை இழுத்துவிட்டார். கைதட்டல் கூரையில் மோதியது. போன்கள் எல்லாம் உயர்ந்தன.

அறை காலியாக இருந்தது.

"எங்க பிள்ளைங்க யாருமில்ல?" என்றார் டான்ஸ்ரீ. ஒரு பெண்மணி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள். "கீழ! கீழ ஒண்ணு ஒக்காந்திருக்கு," என்றாள். ஒண்ணு!

பேட்ரிசியா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு நேர் கீழே, இடிக்காமல் மிஞ்சிய அந்த அரைச் சுவரோடு உடம்பை ஒட்டிக்கொண்டு, ஷர்மினி சுருண்டிருந்தாள். கை வாயில் இருந்தது. மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்தப் பெரிய கட்டடம் முழுவதிலும் பார்வை படாத இடம் அது ஒன்றுதான் என்று பிள்ளை தானே கண்டுபிடித்திருந்தாள்.

பேட்ரிசியா அவளைத் தொடவில்லை, பார்க்கவுமில்லை. சற்றுத் தள்ளி அதே சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். தலையைத் தூக்கினால் மேலே கண்ணாடியில் மூக்குத் துவாரங்களும் பற்களும் போன்களும் நெருக்கியடித்தன. அத்தனை முகங்களிலும் இரக்கம் வழிந்தது. இரக்கம் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

டத்தோ மோதிரம் போட்ட விரலால் கண்ணாடியைத் தட்டினார். ஷர்மினியின் உடம்பு தூக்கிப் போட்டது. அவர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"பேட்ரிசியா, நீங்க மேடைக்கு வரணும்மா, சான்றிதழ் இருக்கு. அப்புறம் இந்தக் கண்ணாடிய கொஞ்சம் கீழ வரைக்கும் இறக்கியிருக்கலாம் லா. பிள்ளை தெரியல பாருங்க."

அவர் குறும்பாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். அதைக் கேட்டதும் பேட்ரிசியாவுக்கு உள்ளே இருந்த தயக்கம் எல்லாம் அறுந்துவிட்டது.

"சான்றிதழ் இல்ல, டத்தோ."

"கையெழுத்துப் போட்டாச்சுன்னு டீச்சர் சொன்னாங்களே?"

"போட்டது என் கையெழுத்து, அது என் பையிலதான் இருக்கு. சுவரக் கட்டுங்க, தரேன். இடிக்க ஒரு நாள்தானே ஆச்சு? கட்டவும் ஒரு நாள் போதும்."

அவர் முகம் கறுத்தது. பின்னால் நின்ற செல்வராணியைத் திரும்பிப் பார்த்தார். "டீச்சர், இவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. மாசக் கடைசியில எங்க போவீங்க நீங்க?"

செல்வராணி உள்ளே வந்தாள். பேட்ரிசியா அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் துணியவில்லை. பதினைந்து வருஷமாகத் தானம் கேட்டுக் கும்பிட்ட கும்பிடும் அந்த முகத்தில் இருக்கும். செல்வராணி பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு கதவை, டத்தோவின் தலை வெளியே போகும்படி மெதுவாகத் தள்ளிச் சாத்தினாள். விழாவுக்கென்று கட்டியிருந்த பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு, ஷர்மினிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

"நல்லா தலையக் குனிஞ்சுக்குங்க மிஸ்," என்றாள் தணிந்த குரலில். "கொண்டை தெரியுது."

பேட்ரிசியா குனிந்துகொண்டாள். மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களுக்கு வெறும் அறைதான் தெரிந்தது.