டிவி மேல் இருந்த பழைய டிஸ்க்

இடால்மிஸின் மடிக்கணினி திறப்பதற்குள் காபி போட்டு, குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிடலாம். ஹவானாவில் காபித்தூள் கிடைக்கிற லட்சணத்தில் அதுவும் தினமும் நடக்காது. வெறுமனே திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பதினோரு வருஷத்துப் பெட்டி. அதன் பேட்டரி செத்தே நாலு வருஷம் ஆகிறது. சுவரில் செருகினால்தான் வேலை செய்யும்.

அதை வைத்துத்தான் அவள் பிழைப்பு. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குக் கணக்கு டியூஷன். மூன்றாவது மாடிக் கூடத்தில் ஒன்பது பிள்ளைகள். பதினோரு வருஷமாக அவளே யோசித்து எழுதிய ஆயிரத்து நானூறு கணக்குகள் ‘வகுப்பு’ என்ற ஃபோல்டரில் இருந்தன. கூடவே ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு குறிப்பு. எங்கே சறுக்குகிறார்கள், ஏன் சறுக்குகிறார்கள் என்று தனக்காக எழுதிக்கொண்டது. வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் தயவுதாட்சண்யமே இருக்காது. ‘மூளை இருக்கிறது, முதுகெலும்பு இல்லை’, ‘இவன் எஞ்சினியர் ஆக வேண்டும் என்று ஆசைப்படுவது இவன் அப்பா மட்டும்தான்’ என்கிற ரகம். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த ஃபோல்டர் இல்லாமல் அவளால் ஒரு வகுப்பைக்கூட உருப்படியாக நடத்த முடியாது.

அமெரிக்காவில், டாம்பாவில் இருக்கும் தங்கை, ஊருக்கு வந்த ஒருவர் பெட்டியில் எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான புது டிஸ்க்கையும் ஒரு தகரச் சட்டத்தையும் சுற்றி அனுப்பியிருந்தாள். எஸ்.எஸ்.டி. பழைய டிஸ்க் இருந்த இடத்தில் உட்காரும், கணினி பறக்கும். யாருக்கும் பயன்படாத டிவிடி பொந்தில் அந்தச் சட்டத்தை வைத்து, பழைய டிஸ்க்கை அதில் பொருத்தினால் இரண்டாவது கிடங்கும் ஆயிற்று. தங்கை இதைப் படம் போட்டே விளக்கியிருந்தாள். இருபது நிமிஷ வேலையாம்.

இடால்மிஸின் புருஷன் எலிசேயோ லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் கட்டடத்து லிஃப்டே இரண்டு வருஷமாக ஓடவில்லை என்பதை யாராவது சொல்லிக்காட்டினால் மோட்டார் வரவில்லை என்பான். திருப்புளியால் திறக்கக்கூடிய எதையும் தன்னால் சரிபண்ண முடியும் என்பது அவன் நம்பிக்கை.

“அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் முதல்ல பென் டிரைவ்ல போட்டு வச்சிரு” என்றாள் அவள்.

“முழு டிஸ்க்கையே அப்படியே நகல் எடுக்கப்போறேன். ஒத்தை ஃபோல்டருக்கு எதுக்கு தனியா மெனக்கெடணும்?” என்றான் எலிசேயோ.

திங்கட்கிழமை காலை நகல் ஓடத் தொடங்கியது. மின்வெட்டு இரண்டு மணிக்கு என்று அட்டவணையில் போட்டிருந்தார்கள். பத்தே முக்காலுக்கே போனது. திரையில் கடைசியாக அவள் பார்த்தது எண்பத்தொரு சதவீதம். மதியம் மின்சாரம் வந்தபோது, பாதி நகலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தது. மறுநாள் எலிசேயோ ஒரு நண்பனிடம் விண்டோஸ் வாங்கிவந்து எஸ்.எஸ்.டி.யில் புதிதாகவே ஏற்றினான். கணினி பன்னிரண்டு விநாடியில் திறந்தது. இடால்மிஸ் பாதி கோபத்தை விட்டுக்கொடுத்தாள்.

மீதிக் கோபத்துக்கு உடனே வேலை வந்தது. தங்கை அனுப்பிய சட்டம் பொந்தைவிட மூன்று மில்லிமீட்டர் தடிமன். சரி, பழைய டிஸ்க்கை வெளியிலிருந்தே கேபிளில் மாட்டி ஃபோல்டரை எடுத்துக் கொடு என்றாள். கேபிள், தன்னோடு வேலை செய்கிற ஆளுடையதாம், காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டானாம். சட்டத்தைப் பட்டறையில் தேய்த்துக்கொண்டு வருகிறேன், வியாழக்கிழமை எல்லாம் முடிந்துவிடும் என்றான். அவள் தலையில் அடித்துக்கொண்டு, டிஸ்க்கை எடுத்து டிவி மேல் விரிப்பின் மீது வைத்தாள். இவனுடைய மேஜையில் திருகாணியும் கிரீஸும் கலந்து கிடக்கிறது. டிவி மேல் இருந்தால் பத்திரம் என்று நினைத்தாள்.

புதன்கிழமை மாலை ஒன்பது பிள்ளைகளுக்கும் நினைவிலிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முக்கோணவியல், அதிலும் ஒரு குறி இடம் மாறிவிட்டது. கடுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாஸ்மானியின் குரல் கேட்டது. தெரு முழுவதற்கும் வாரப் பொட்டலம் போடுகிறவன் அவன். சீரியல், சினிமா, பந்தாட்டம், செல்போன் விளையாட்டு என்று வாரா வாரம் வருவதையெல்லாம் வீடு வீடாக டிஸ்க் வாங்கி, நிரப்பி, மறுநாள் காலை கொண்டுவந்து கொடுப்பான். மேலுறை இல்லாத வெறும் டிஸ்க்கைக் கொடுக்கிறவர்களும் உண்டு.

“டிவி மேல இருக்கு, எடுத்துக்கோ” என்றாள் இடால்மிஸ், பன்னிரண்டு வருஷமாக எல்லாப் புதன்கிழமையும் சொல்வதுபோல, பலகையிலிருந்து திரும்பாமலே. அவர்களுடைய பொட்டல டிஸ்க் அன்றைக்கு டிவியின் பின்னால் செருகியே இருந்தது. துருக்கி சீரியல் இன்னும் முடியவில்லை.

வியாழன் காலை யாஸ்மானி டிஸ்க்கைத் திருப்பி வைத்துவிட்டுப் போனான். எலிசேயோ தேய்த்த சட்டத்தில் அதை மாட்டி, பொந்தில் தள்ளி, திருகாணி முடுக்கி, கணினியைத் திறந்தான்.

“உன் கணக்குல எங்கயாவது துருக்கிக்காரங்க வர்றாங்களா?” என்று கேட்டான்.

அவள் வந்து பார்த்தாள். துருக்கி சீரியல் பதினெட்டு முதல் முப்பத்துநாலு வரை இருந்தது. அடுத்து கொரியா. அடுத்து சமையல் போட்டி. ‘வகுப்பு’ இல்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் எண்பத்தொரு சதவீதத்திலிருந்து ஆரம்பித்து கல்யாண நாள்வரை பின்னோக்கிப் போனாள். எலிசேயோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டிவி மேல் வைத்தது யார் என்று மட்டும் கேட்டான். எடுத்துக்கோ என்று சொன்ன தன் குரலே அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்குமேல் அவனைத் திட்ட முடியவில்லை என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

நேரே யாஸ்மானியிடம் போனாள். அவன் ரொம்பவும் நல்லவன். டிஸ்க் நிறைந்திருந்ததாம், இடம் வேண்டுமே என்று அழித்தானாம். ஆனால் அடுத்தவர் பொருளைச் சும்மா அழிப்பானா? அந்த ஃபோல்டரை முதலில் தன் கணினியில் எடுத்து வைத்தானாம். எங்கே என்றாள். தனியாக வைக்க இடமில்லாததால் பொட்டலத்துக்குள்ளேயே, ஆங்கிலப் பாடங்கள் இருக்கும் இடத்தில், தற்காலிகமாகத்தானாம். அது தெரியாமல் அவன் பெண்டாட்டி ராத்திரியோடு ராத்திரியாக நாற்பது வீட்டு டிஸ்க்குகளை நிரப்பிவிட்டாள். காலையில் இவன் இடம் வேண்டி தன் கணினியிலிருந்த அந்த நகலையும் துடைத்துவிட்டான்.

“உங்ககிட்ட கொடுத்ததுலயே இருக்கும்னு நெனச்சேன் டீச்சர்” என்றான். அவர்களுடையதில் மட்டும்தான் இல்லை. சீரியல் கூடுதலாகப் போட்டதில் பாடங்களுக்கு இடம் பத்தவில்லையாம்.

நாற்பது வீடு. லிஃப்ட் இல்லாத நாற்பது வீடு. இடால்மிஸ் வியாழன் மதியமே ஏறத் தொடங்கினாள். போன இடமெல்லாம் ஒரே கதை. ஐயோ, இப்போதுதான் அழித்தோம், பாடம் யார் பார்ப்பார்கள் என்றார்கள். ஆனால் படிக்காதவர் ஒருவரும் இல்லை. ஆயிரத்து நானூறு கணக்கில் ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. ஒன்பது குறிப்பையும் ஒரு வரி விடாமல் எல்லோரும் படித்திருந்தார்கள். முட்டை விற்கிறவள் முதுகெலும்பைப் பற்றி விசாரித்தாள். எஞ்சினியர் ஆக வேண்டிய பையனின் அப்பா கதவைத் திறந்தார், அவளைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு நாலு பேர் வந்தார்கள். அவர்களும் தங்களைப் பற்றி எழுதியது நிஜம்தானா என்று பார்க்க வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். எலிசேயோ அவளுக்கு ஆறுதல் சொல்ல ஆசைப்பட்டு, என்னைப் பற்றியும் ஃபைல் உண்டா என்று கேட்டான். உனக்கு டிஸ்க் பத்தாது என்றாள். சிரித்துவிட்டுப் போனான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரத்தில் தேர்வு; கையில் கணக்கும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

சனிக்கிழமை ஒன்பது நாற்காலி போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது செனாய்டா வந்தாள். ஒன்பது பேரில் ஒருவனான டாரியெலின் அம்மா. இருப்பது பின் தெரு, பொட்டலம் யாஸ்மானியிடம்தான்; வியாழக்கிழமை இடால்மிஸ் போனபோது வீடு பூட்டியிருந்தது. பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். அவள் வாய்க்குப் பயந்து பஸ்ஸே நேரத்துக்கு வரும் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு, நாற்காலியில் உட்காராமல், பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“எல்லாம் இதுல இருக்கு. கணக்கு, குறிப்பு, எல்லாம். நான் அழிக்கல.”

இடால்மிஸுக்கு ஒரு கணம் அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. அடுத்த கணமே டாரியெலைப் பற்றி என்ன எழுதினோம் என்று ஞாபகம் வந்தது. ‘முதலில் சரியாகத்தான் போடுகிறான். பிறகு அழித்துவிட்டுத் தப்பாக எழுதுகிறான். ஒவ்வொரு தடவையும். வீட்டில் யாரோ இவனை எதற்கெடுத்தாலும் தப்பு தப்பு என்கிறார்கள்.’

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை, எனக்காகக் கிறுக்கியது என்று ஆரம்பித்தாள். செனாய்டா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எங்க வீட்டுல நானும் அவனும்தான் டீச்சர். ‘யாரோ’ன்னு எழுதியிருக்கீங்க. வேற யாரு இருக்கா?”

இடால்மிஸ் வகுப்பில் எத்தனையோ அம்மாக்களிடம் எவ்வளவோ பேசியவள். இப்போது வெட்கமாக இருந்தது. எழுதியது பொய் என்று சொல்லவும் முடியாது, நிஜம் என்று சொல்ல மனமும் வரவில்லை.

“வியாழக்கிழமை ராத்திரி படிச்சேன்” என்றாள் செனாய்டா. “சண்டை போடத்தான் நெனச்சேன். வெள்ளிக்கிழமை காலையில அவன் காபி ஊத்தினான். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கோப்பையைக் கீழ வச்சுட்டு, வேற கோப்பையில ஊத்தினான். நான் ஒண்ணுமே சொல்லல டீச்சர். நான் ஒரு வார்த்தை சொல்லல.”

கண்ணைத் துடைக்கவில்லை. பையின் ஜிப்பை இரண்டு தடவை இழுத்து மூடினாள். அவன் கீழே நிற்கிறான் என்றாள். தான் இருக்கும்வரை மேலே வரமாட்டான், அதனால் தான் பின்பக்கப் படியில் இறங்கிவிடுவதாகச் சொன்னாள். வாசலைத் தாண்டியவள் நின்று திரும்பினாள்.

“என்ன தோணுதோ எழுதுங்க. அவன்கிட்ட சொல்லாதீங்க, என்கிட்ட கொடுங்க. நான் படிச்சுக்கறேன்.”

பின்பக்கப் படியில் அவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. இடால்மிஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து டாரியெலைக் கூப்பிட்டாள். அவன் மேலே பார்த்தான், பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். அம்மா எங்கும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் உள்ளே வந்தான்.