மூன்று படிகளும் ஒரு உயிலும்

நாற்பது வருஷம் வெல்டிங் பட்டறை நடத்தியவர், அந்தப் பட்டறையைத் தன் காலத்துக்குப் பிறகு மருத்துவமனையின் நினைவுத் தோட்டத்துக்கு எழுதிவைத்தார்.

காரணம் அவர் மனைவி. கடைசி மூன்று மாதம் அந்த மருத்துவமனையில்தான் இருந்தாள். தினமும் சாயங்காலம் அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தோட்டம்வரை தள்ளிக்கொண்டு போவார். நுழைவாயிலில் மூன்று படி. அதற்குமேல் நாற்காலி ஏறாது. இருந்த இடத்திலிருந்தே அவள் செம்பருத்தியைப் பார்த்துவிட்டு, "முன்வரிசை டிக்கெட் கிடைச்சிருக்கு, இன்னும் என்ன வேணும்?" என்பாள்.

வக்கீலம்மா உயிலைப் படித்துக்காட்டினாள். முதல் வேலையாகப் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப்பாதை அமைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்கு மகள் ஞாபகம் வந்தது. ஒரே பெண். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"கேட்டுட்டு எழுதியிருக்கலாம்ப்பா," என்றாள் மகள். "கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். உள்ள வாங்க."

அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மறுநாள் அதே உற்சாகத்தில் தோட்டத்துக்குப் போனார். களை பிடுங்கிக்கொண்டிருந்த தோட்டக்காரம்மாவிடம் உயிலைப் பற்றிச் சொல்லி, தன் காலத்துக்குப் பிறகு சரிவு எங்கே வரும், கைப்பிடி எவ்வளவு உயரம் என்றெல்லாம் விளக்கினார். அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஆள் இரும்புத் தூண் மாதிரி இருக்கீங்க. நீங்க போற வரைக்கும் நாற்காலியெல்லாம் வெளியவே நிக்கணுமா?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி அவர் கூடவே வந்தது.

அந்த வாரமே நிர்வாகியிடம் அனுமதி வாங்கினார். பூட்டிக் கிடந்த பட்டறையைத் திறந்தார். இரும்புச் சட்டங்களை அறுத்து, சரிவைத் தானே பற்றவைத்தார். விடுமுறை நாட்களில் மகள் வந்து கைப்பிடிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தாள். பாதிப் பெயிண்ட் அவள் சட்டையில்தான் இருந்தது. உயில் மட்டும் அப்படியே வக்கீலம்மாவின் அலமாரியில் இருந்தது.

முதலில் ஏறியவர், காலில் கட்டுப்போட்டிருந்த ஒரு பஸ் டிரைவர். வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு ஏறினார். மல்லிகைப் பந்தலுக்குக் கீழே நாற்காலியை நிறுத்தியவர், மாத்திரை நேரம் தாண்டியும் இறங்கவில்லை. தேடிவந்த நர்ஸ், இப்படி ஒரு வழியைப் போட்டு நோயாளிகளைக் கெடுத்துவிட்டதாக வெல்டரைக் கடிந்துகொண்டாள். அப்புறம் அவளும் டிரைவர் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்தாள்.

துணைக்கு வருகிறவர்களுக்கும் உட்கார இடம் வேண்டும் என்றாள் தோட்டக்காரம்மா.

வெல்டர் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். "எத்தனை பேருக்கு?"